அலைவரிசையும் புறம்போக்குதான் – பட்டா யாருக்கு?



2024 பிப்ரவரி 13, 14 தேதிகளில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. தென்மாநிலங்களின் சமுதாய வானொலிக்காரர்களும் கல்லூரி வானொலிக்காரர்களும் கூடினார்கள். கூட்டியது ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். நாட்டின் முதல் வளாக வானொலியான அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1 அன்று அங்கேதான் தொடங்கியது. இருபது வருசம் நிறைந்த கொண்டாட்டமும் சேர்ந்துகொண்டது. நாடு முழுக்க 481 சமுதாய வானொலிகள் ஓடுவதாகக் கணக்குச் சொன்னார்கள். புதிய விதிகளையும் அறிவித்தார்கள்.

அந்தக் கணக்கைப் படித்ததும் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது. இந்த 481-ல் சேரி எத்தனை?

இந்தப் பத்திரிகையில் வானொலிக்கு எதற்குத் தலையங்கம் என்று சில தோழர்கள் கேட்கலாம். கூலிப் பிரச்சனை கிடக்கு, நிலப் பிரச்சனை கிடக்கு, நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் கூடப்படிக்கிற பயல்களே வீடு புகுந்து நம்ம பிள்ளையையும் தங்கச்சியையும் வெட்டினார்கள், இதில ரேடியோ ஒரு கேடா என்று. இல்லை தோழர். இதுவும் நிலப் பிரச்சனைதான். அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

சேதி சொல்வது நமக்குப் புதுசா? இந்த மண்ணின் முதல் ஒலிபரப்பாளன் நம்ம ஆள்தான். குளம் உடைந்தாலும், தீர்வை கட்டச் சொன்னாலும், கோயில் கொடைக்கு நாள் குறித்தாலும் தப்படித்துத் தெருத்தெருவாகச் சொன்னவன் யார்? பண்ணையார் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஊர் ஊராக நடந்து துட்டி சொன்னவன் யார்? சொல்லும் வேலை நம்முடையது. சேதி மட்டும் நம்முடையது இல்லை. அவர்கள் வீட்டுத் துட்டியை நாம் சுமந்தோம். நம்ம வீட்டுத் துட்டியைக் கேட்க நாதியில்லை. எங்க பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் இதைச் சொல்லிக்காட்டுவார்கள்.

அச்சு வந்தபோது நம் முன்னோர் சும்மா இருக்கவில்லை. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்றே பெயர் வைத்துப் பத்திரிகை கொண்டுவந்தார். 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். 1920-ல் அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று அர்த்தம். கையில் காசு இல்லாத காலத்திலும் அச்சைப் பிடித்துவிட்டோம். வானொலியைப் பிடிக்க முடியவில்லை. ஏனென்றால் அது சர்க்கார் கையில் இருந்தது. சர்க்கார் யார் கையில் இருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

திருச்சி நிலையம் 1939-ல் வந்தது. நம்ம திருநெல்வேலி நிலையம் 1963-ல் வந்தது. பஞ்சாயத்து போர்டு ஆபீசில் ஒரு ரேடியோப் பெட்டி, கூரைமேல் ஒரு குழாய். பஞ்சாயத்து போர்டு ஆபீஸ் எங்கே இருந்தது? ஊருக்குள்ளே. நம்ம ஆட்கள் எங்கே நின்று கேட்டார்கள்? காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தப் பக்கம்.

கேட்டதாவது நமக்கானதா? 1960-களின் பின்பாதியில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் பரவியது. திருச்சி வானொலி திரும்பத் திரும்பச் சொல்லிப் பரப்பியதால் சனங்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். வானொலிக்கு அவ்வளவு பலம் இருந்தது. உரம் எவ்வளவு, மருந்து எவ்வளவு, எல்லாம் சொன்னது. யாருக்குச் சொன்னது? ‘விவசாயப் பெருமக்களுக்கு’. நிலம் உள்ளவன்தான் விவசாயி. நட்டவளும் அறுத்தவனும் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. அதே தஞ்சை மாவட்டத்தில்தான் 1968 டிசம்பர் 25 அன்று, கூலி கூடக் கேட்ட குற்றத்துக்காகக் கீழவெண்மணியில் 44 பேரை உயிரோடு எரித்தார்கள். விளைச்சலைப் பேசிய கருவி கூலியைப் பேசவில்லை. கருவியின் குற்றமா இது? கருவி யார் கையில் இருந்தது என்பதன் குற்றம்.

இப்போது 1995-க்கு வாருங்கள். அந்த வருசம் பிப்ரவரி 9 அன்று உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்கு என்னவோ கிரிக்கெட் ஆட்டத்தை யார் டிவியில் காட்டுவது என்பதுதான். ஆனால் நீதிபதி பி.பி. சாவந்த் இருந்த அமர்வு, அலைவரிசை பொதுச்சொத்து, அது சர்க்காரின் தனிச்சொத்தும் இல்லை, பணக்காரனின் தனிச்சொத்தும் இல்லை என்றது. தீர்ப்பு வந்து ஏழு மாசம் ஆகவில்லை. ஆகஸ்ட் 31 அன்று இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் கொடியங்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீஸ் புகுந்தது. வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்த காசில் நம்ம சனம் வாங்கிவைத்திருந்த டிவி, டேப்ரெக்கார்டர், ஃபேன், தையல் மெஷின் எல்லாவற்றையும் அடித்து நொறுக்கினார்கள். படித்த பிள்ளைகளின் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் அழித்தார்கள். சேரிக்காரன் வீட்டில் ஒரு பாட்டுப்பெட்டி இருப்பதே அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அலைவரிசை பொது என்று டெல்லியில் எழுதிய அதே வருசம், அலையை வாங்கும் பெட்டி இங்கே உடைந்தது.

பொது என்ற சொல்லை நாம் எப்போதுமே பயந்துதான் கேட்க வேண்டியிருக்கிறது. பொதுக்கிணறு, பொதுச்சுடுகாடு, பொதுப்பாதை. எல்லாம் பொதுதான். ஊர்ப் புறம்போக்கும் பொதுதான். ஆனால் பட்டா என்று வரும்போது யார் பெயரில் வருகிறது? 1892-ல் வெள்ளைக்காரன் ஆணை போட்டுக் கொடுத்த பஞ்சமி நிலமே இன்று யார் யார் கையிலோ இருக்கிறது. அலைவரிசைப் புறம்போக்கிலும் அதே கதைதான். முதல் பட்டா 2002 டிசம்பரில், பெரிய கல்வி நிறுவனங்களுக்கு. ஏற்கனவே கட்டடம் உள்ளவனுக்கு, மின்சாரம் உள்ளவனுக்கு, இங்கிலீஷில் மனு எழுதத் தெரிந்தவனுக்கு. 2006 நவம்பரில்தான் தொண்டு அமைப்புகளுக்கும் கதவு திறந்தது. பதிவாகி மூன்று வருசம் ஆகியிருக்கணும். நூறு வாட் ஒலிபரப்பி. பாதி நிகழ்ச்சியாவது அந்த வட்டாரத்தில் தயாரித்ததாக இருக்கணும். கட்சிக்கும், கட்சியைச் சேர்ந்த மாணவர் அணி, மகளிர் அணி, தொழிற்சங்கத்துக்கும் இடமில்லை.

2024 கூட்டத்தில் என்ன அறிவித்தார்கள்? உரிமக் காலம் ஐந்திலிருந்து பத்து வருசம். விளம்பரம் மணிக்கு 7 நிமிசத்திலிருந்து 12 நிமிசம். ஒரே அமைப்பு வெவ்வேறு மாவட்டங்களில் ஆறு நிலையம் வரை வைத்துக்கொள்ளலாம். ஆலோசனைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள். இந்தக் கடைசி விதியை நான் முழு மனசோடு வரவேற்கிறேன். ஆனால் பெண்களுக்குப் பாதி என்று எழுதத் தெரிந்த கை, சேரிக்கு எத்தனை என்று எழுதினால் என்ன? நில உச்சவரம்பு பேசிய நாட்டில், ஒரு பட்டாகூட இல்லாதவன் காத்துக்கிடக்கையில், ஒரே கைக்கு ஆறு பட்டாவா?

இன்னொரு விதி இருக்கிறது. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. ஆகாசவாணிச் செய்தியை வேண்டுமானால் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். நெல்லைக்காரனுக்கு இந்த விதியின் அர்த்தம் புரியும். 1999 சூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையில் கிடந்த அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்களின் விடுதலைக்காகவும் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. கைக்குழந்தை உட்பட 17 பேரைத் தாமிரபரணி கொண்டுபோனது. விசாரித்த மோகன் ஆணையம் போலீசின் செயலை நியாயப்படுத்தியது. அன்றைய தடியடியை இன்றைக்கும் யாரும் மறுக்க முடியவில்லை என்றால், அன்று கரையில் நின்ற கேமராக்கள்தான் காரணம். காட்சி தப்பித்துவிட்டது. குரல்? ஆற்றில் இறங்கி ஏறியவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், அவர்கள் வாயால் சொன்னது எத்தனை மணி நேரம் நம்மிடம் பதிவாக இருக்கிறது?

மாஞ்சோலையே இன்று கலைகிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா கம்பெனி 99 வருசக் குத்தகைக்கு எடுத்த காடு அது. 1929-ல் தொடங்கிய குத்தகை 2028-ல் முடிகிறது. 2024 சூனில் விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கித் தொழிலாளர்களைக் கீழே இறங்கச் சொன்னது கம்பெனி. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. இந்தப் பெயர்களோடு தலைமுறை தலைமுறையாக அட்டைக்கடியில் தேயிலை பறித்த நம்ம சனத்தின் கதை, சிதறிப்போகிற ஒவ்வொரு பாட்டியோடும் சிதறிப்போகிறது. இதைப் பதிவு செய்ய எந்தப் பல்கலைக்கழகம் மலை ஏறும் என்று காத்திருப்பீர்கள்?

காத்திருக்காதவர்களைப் பற்றிச் சொல்கிறேன். தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் மாச்சனூர். டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டியின் சங்கங்களில் உள்ள தலித் பெண்கள், காணித்துண்டு நிலத்தில் தினையும் சோளமும் போடுகிறவர்கள். 1998-லேயே அவர்களுக்கு ஒலிப்பதிவுக் கூடம் அமைந்துவிட்டது. உரிமம் இல்லை. 2000 சூலையில் பக்கத்துப் பஸ்தாபூரில் வானொலி ஆர்வலர்கள் கூடி, லாபத்துக்கு இல்லாத, மக்களே நடத்துகிற மூன்றாவது வகை வானொலி வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அப்பவும் உரிமம் இல்லை. அந்தப் பெண்கள் உட்கார்ந்து அழவில்லை. விதை, வைத்தியம், பாட்டு, கூலி எல்லாவற்றையும் தங்கள் பேச்சுமொழியில் கேசட்டில் பதிந்தார்கள். சங்கக் கூட்டத்தில் டேப்ரெக்கார்டரில் போட்டுக் கேட்டார்கள். இப்படிப் பத்து வருசம். 2008 அக்டோபர் 15 அன்று சங்கம் ரேடியோ காற்றில் ஏறியது. திறந்து வைத்தவர் 1995 தீர்ப்பைச் சொன்ன அதே சாவந்த். நடத்தியவர்கள் நரசம்மா என்று ஒரே பெயருள்ள இரண்டு தலித் பெண்கள். பட்டா வருவதற்கு முன்னாலேயே உழுது விதைத்தவர்கள் அவர்கள்.

இதிலிருந்து நாம் என்ன எடுத்துக்கொள்வது? மாணவத் தோழர்களுக்குச் சில வேலைகளை முன்வைக்கிறேன்.

உங்கள் கல்லூரியில் வானொலி இருந்தால், ஆலோசனைக் குழுவில் யார் யார் என்று எழுதிக் கேளுங்கள். சமூகத்தைப் பிரதிபலிக்கணும் என்று விதி சொல்லுது. எந்தச் சமூகத்தை என்று கேளுங்கள். வாரம் ஒரு மணி நேரம் சேரிக்கு வாங்குங்கள். கையில் சாதிக்கயிறும் செல்லில் சாதிப்பாட்டுமாக அலையும் வகுப்புத் தோழனும் அதைக் கேட்கட்டும்.

செய்தி கூடாது என்றால், எது செய்தி இல்லை என்று விதியே பட்டியல் போட்டிருக்கிறது. வேலைவாய்ப்பு, தேர்வு, கல்லூரிச் சேர்க்கை, குடிதண்ணீர், மின்சாரம், உடல்நலம் பற்றிய அறிவிப்புகள் செய்தியில் சேராது. நல்லது. உதவித்தொகைக்குக் கடைசித் தேதி எது, நூறுநாள் வேலைச் சம்பளம் எவ்வளவு, மேலத்தெருவுக்குத் தினமும் வருகிற தண்ணி கீழத்தெருவுக்கு எந்தக் கிழமை வருது. இவ்வளவையும் சொல்ல விதியிலேயே வழி இருக்கு.

மாஞ்சோலையிலிருந்து இறங்கியவர்களை, கொடியங்குளத்துப் பெரியவர்களை, ஆற்றில் தப்பியவர்களைத் தேடிப் போங்கள். செல்போன் போதும். தேதி, இடம் குறித்துக்கொள்ளுங்கள். பேர் போடலாமா என்று கேட்டுப் போடுங்கள். இரண்டு பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். அவர்கள் பேச்சைத் திருத்தாதீர்கள். ‘ரேடியோத் தமிழ்’ நமக்கு வேண்டாம். வயலில் பேசுற தமிழ் காற்றிலும் பேசட்டும். பதிந்ததை அந்தத் தெருவிலேயே ஒரு சாயந்திரம் எல்லாரும் உட்கார்ந்து கேளுங்கள்.

கட்சி சாராத பதிவு பெற்ற மன்றங்கள், மகளிர் சங்கங்கள் நம்மிடம் இருக்கின்றன. மூன்று வருசக் கணக்குவழக்கைச் சரியாக வைத்து மனுப் போடுங்கள். ஒரு தடவை திருப்பி அனுப்பினால் மறு தடவை.

கடைசியாக நமக்குள் ஒன்று. நம்ம கூட்டங்களில் மைக் யார் கையில் இருக்கிறது? தலைவர் பேசி முடித்து, அடுத்த தலைவர் பேசி முடித்து, பாய் விரித்த பெண்களிடம் மைக் வரும்போது கரண்டு போய்விடுகிறது. அருந்ததியர் தெருவிலிருந்து ஒரு குரல் நம்ம மேடைக்கு எத்தனை தடவை வந்திருக்கிறது? சென்னைக் கூட்டத்தைப் பார்த்துச் சேரி எத்தனை என்று கேட்கிற நாம், சேரிக்குள் சேரி எத்தனை என்றும் கேட்டாக வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு வருகிற பட்டாவும் சில பெரிய வீடுகளின் பெயரில்தான் வரும்.

பதிவு செய்யத் தொடங்கியவர்கள் எந்த ஊர், யாருடைய குரல், எத்தனை மணி நேரம் என்று எங்களுக்கு எழுதுங்கள். இதழ்தோறும் அந்தக் கணக்கை இங்கே வெளியிடுவோம். 481 என்ற கணக்கு அவர்களுடையது. நம்ம கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கட்டும்.

ஜெய்பீம்.

– ஆசிரியர்