மிச்சமெல்லாம் மரபணு அல்ல

சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயது வரையிலானவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது தெரியவந்தது. சீனர்களிடையே 9.7, மலாய்க்காரர்களிடையே 16.6, இந்தியர்களிடையே 17.2 விழுக்காடு. கடைசி எண்ணுக்குக் காரணம் என்ன என்று தேக்கா உணவங்காடியில் எந்த மேசையில் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். “நாம் சாப்பிடுவது அப்படி” என்பார் ஒருவர். “நம் ரத்தமே அப்படி” என்பார் இன்னொருவர்.

ஆய்வாளர்களும் கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இனங்களுக்கு இடையிலான இந்த வேறுபாட்டில் எவ்வளவு உடல் எடை வழியாக வருகிறது, எவ்வளவு வேறு வழிகளில் வருகிறது? காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே நிற்கும் எடை போன்ற ஒன்றை இடைக்காரணி என்கிறோம். அதன் வழியே வருவது மறைமுக விளைவு. மற்றதெல்லாம் நேரடி விளைவு.

உளவியலாளர்கள் பேரனும் கென்னியும் 1986இல் இதற்கு ஓர் எளிய செய்முறை தந்தார்கள். பல ஆண்டுகள் அதுவே வேதவாக்காக இருந்தது. பிறகு ராபின்ஸும் கிரீன்லாந்தும் 1992இலும், ஜூடியா பேர்ல் 2001இலும் இந்த விளைவுகளுக்குத் திருத்தமான வரையறை கொடுத்தார்கள். கொசுகே இமாயும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்த வரையறையை, ‘ஆர்’ என்ற இலவசப் புள்ளியியல் மொழியில் யாரும் இயக்கக்கூடிய ‘மீடியேஷன்’ என்ற மென்பொருள் தொகுப்பாக ஆக்கினார்கள். இன்று மடிக்கணினி வைத்திருக்கும் எந்த மாணவரும் ஒரு பிற்பகலில் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

வசதிதான். ஆனால் என் கவலையும் அங்கேதான் தொடங்குகிறது.

மென்பொருள் செய்யும் வேலை இது. எடையைக் கணிக்க ஒரு மாதிரி, நீரிழிவைக் கணிக்க ஒரு மாதிரி என இரண்டைப் பெற்றுக்கொள்கிறது. இவர் இடத்தில் வேறொருவரின் எடை இருந்திருந்தால் நீரிழிவு வந்திருக்குமா என்று, நாமாக மாற்றச் சொல்லாவிட்டால், 1,000 முறை பாவனையாகக் கணக்கிடுகிறது. முடிவில் சில வரிகளை அச்சிடுகிறது. கடைசி வரி, மொத்த விளைவில் இடைக்காரணி வழியாக வந்த பங்கு. செய்தியாளர்கள் எடுத்துக்கொள்வது அந்த ஒரு வரியைத்தான். எடை வழியாக 40 விழுக்காடு என்று அது சொன்னால் (இது கற்பனை எண்), மிச்சம் 60 விழுக்காடு மரபணு என்று மறுநாள் தேக்காவில் பேச்சாகிவிடும்.

அந்த மிச்சத்தில் மரபணு இருக்கலாம். இரவுப் பணி, தூக்கக் குறைவு, வருமானம், தாயின் கருப்பையில் கிடைத்த சர்க்கரை எல்லாமும் இருக்கலாம். நேரடி விளைவு என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல. நாம் அளக்காத வழிகள் அனைத்தையும் போட்டு வைத்த மூட்டை.

அளந்ததையாவது சரியாக அளந்தோமா? எடை என்று நாம் சொல்வது பெரும்பாலும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு. ஒரே குறியீட்டு எண் கொண்ட ஓர் இந்தியரையும் ஒரு சீனரையும் ஒப்பிட்டால், சராசரியாக இந்தியர் உடலில் கொழுப்பு அதிகம் என்பதை மேபல் டியூரன்பெர்க்-யாப் குழுவினர் சிங்கப்பூரிலேயே 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். ஐந்தாண்டு கழித்து இங்கு 23, 27.5 என்ற புதிய எல்லைகள் வகுக்கப்பட்டதற்கு இத்தகைய ஆய்வுகளும் காரணம். இதைக் கவனிக்காமல் குறியீட்டை மட்டும் இடைக்காரணியாகப் போட்டால், அதற்குள் அடங்காத கொழுப்பின் விளைவு நேரடிக் கணக்கில் போய் விழும். வயிற்றைச் சுற்றிய சதை செய்த வேலை ரத்தத்தின் மேல் எழுதப்படும். “நம் ரத்தமே அப்படி” என்று நம்பும் ஒருவர் நடைப்பயிற்சிக்கு எதற்குப் போகவேண்டும்?

இன்னொரு சிக்கல், காலம். நீரிழிவு இருப்பதாகப் பலதுறை மருந்தகத்தில் சொன்னதும் பலர் தேநீரை ‘கொசொங்’ ஆக்கிக்கொண்டு எடையைக் குறைக்கிறார்கள். ஒரே நாளில் எடையையும் நோயையும் கேட்டறியும் ஆய்வில் இவர்கள் ஒல்லியான நோயாளிகள். எது முன், எது பின் என்று மென்பொருளுக்குத் தெரியாது. கே கே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 2009 முதல் சேர்க்கப்பட்ட 1,200க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளையும் அவர்களின் பிள்ளைகளையும் பின்தொடரும் ‘கஸ்டோ’ ஆய்வு போன்றவற்றை நான் பெரிதாக மதிப்பதற்கு இதுவே காரணம். அங்கே ஒவ்வோர் அளவுக்கும் ஒரு தேதி இருக்கிறது.

இமாய் குழுவினர் இதையெல்லாம் அறியாதவர்கள் அல்லர். அவர்களின் தொகுப்பிலேயே ‘மெட்சென்ஸ்’ என்று ஒரு கட்டளை உண்டு. நாம் அளக்காத ஏதோ ஒன்று எடையையும் நீரிழிவையும் சேர்த்தே இழுத்தால், அது எவ்வளவு வலுவாக இருக்கும்போது மறைமுக விளைவு சுழியம் ஆகும் என்று அது சொல்லும். மிகச் சிறிய இழுப்பிலேயே முடிவு கவிழ்ந்தால், முதலில் வந்த விழுக்காட்டை நம்ப முடியாது. ஆனால் அது தனிக் கட்டளை. தட்டச்சு செய்தால்தான் ஓடும். விழுக்காடோ கேட்காமலே வந்துவிடும். என்னைக் கேட்டால் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, சோதனையை ஓட்டிய பிறகே விழுக்காடு திரையில் வரும்படி வைத்திருப்பேன்.

இத்தகைய ஆய்வுகளில் எவற்றையெல்லாம் தெரிவிக்கவேண்டும் என்ற வழிகாட்டி 2021இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியானது. அனுமானங்களையும் இந்தச் சோதனையையும் அது கேட்கிறது. ஆய்விதழ்கள் மட்டுமல்ல, நாளிதழ்களும் அதைக் கையில் வைத்துக்கொண்டே செய்தி எழுதவேண்டும்.

உடனடியாக இது தேவைப்படும் இடமும் இருக்கிறது. பொட்டலப் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதலும், கடையில் தயாரிக்கும் பானங்களுக்கு 2023 டிசம்பர் 30 முதலும் ‘நியூட்ரி-கிரேட்’ குறியீடு நடப்பில் உள்ளது. சர்க்கரை குறைந்தால், எழுத்தைப் பார்த்து மக்கள் மாறியதாலா, எழுத்துக்குப் பயந்து நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்ததாலா? விடை இரண்டாவது என்றால், சிராங்கூன் சாலைக் கடைக்காரர் தம் தேநீர்ப் பலகையில் ‘டி’ எழுதி ஒட்டுவதைவிட, அவர் வாங்கும் பால் டின்னில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்வதே பலன் தரும். அந்தக் கணக்கை யார் போட்டாலும், ‘மெட்சென்ஸ்’ என்ன சொன்னது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.