முகப்பொலிவுக்குப் பழ அமிலம்

ஆல்ஃபா ஹைட்ராக்சி சீரம், இறந்த தோலணுக்களின் பிணைப்பைத் தளர்த்தி உதிரச் செய்கிறது. கரும்பின் கிளைக்காலிக் அமிலமும் புளித்த பாலின் லாக்டிக் அமிலமும் இவ்வகையினவே. சொரசொரப்பு நீங்கும், மங்கிய முகம் தெளியும். பிறவி நிறமோ மாறாது. அது அல்லாஹ் அருளியது, குறையன்று.

10 சதவீதத்திற்கு மேற்படாததையே வாங்குங்கள். முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவிச் சோதியுங்கள். பின்னர் வாரம் இருமுறை, இஷாத் தொழுகைக்குப் பின், உலர்ந்த முகத்தில் சில துளிகள் போதும். கண்ணோரமும் புண்களும் ஆகா. பூசும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு வாரமும் தோல் வெயிலைத் தாங்காது. பகலில் சன்ஸ்கிரீன் அவசியம். எரிச்சல் நீடித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரை அணுகுங்கள்.

பெண் பார்க்க வருவோரின் சொல்லுக்கு அஞ்சி, வெள்ளையாக்கும் பாதரசக் களிம்புகளை மட்டும் நாடாதீர்கள். அவை சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.