செல்வமே குற்றத்தின் சாட்சியா?

ஒருவனிடம் பொருள் இருக்கிறது என்பதே அவன் திருடன் என்பதற்குச் சான்றாகுமா? நைஜீரியா நாட்டில் பல்லாண்டுகள் அப்படித்தான் ஆகியிருந்தது. ஆயுதமேந்திய கொள்ளையரைப் பிடிப்பதற்கென்று 1992-இல் அங்கே 'சார்ஸ்' என்னும் தனிக் காவற்படை அமைக்கப்பெற்றது. நாளடைவில் அப்படையினர், நல்ல காரில் செல்லும் இளைஞரையும், ஐபோனும் மடிக்கணினியும் வைத்திருப்போரையும் வழிமறிக்கலாயினர். இணையத்தின் வாயிலாகப் பிறரை ஏமாற்றிப் பணம் பறிக்கும் கூட்டம் அந்நாட்டில் உண்டு; 'யாஹூ பாய்ஸ்' என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர். அதனை மறைப்பதற்கில்லை. அவர்கள் ஈட்டுவது அப்பட்டமான ஹராம். ஆயின், கணினியைக் கொண்டு நேர்மையாகப் பிழைத்தவனும் அதே பட்டியலில் சேர்க்கப்பட்டான். ஏ.டி.எம்.முக்கு இழுத்துச் செல்லப்பட்டு, கணக்கிலிருந்த பணத்தை எடுத்துக் கொடுத்த பின்னரே விடுவிக்கப்பட்டோர் பலர். உயிரை இழந்தோரும் உண்டு. 2017 ஜனவரி முதல் 2020 மே வரை நிகழ்ந்தவற்றுள் 82 கொடுமைகளை ஆம்னெஸ்டி நிறுவனம் பதிவு செய்தது. 2020 அக்டோபரில் இளைஞர் வீதிக்கு வந்தனர். 11-ஆம் நாள் படை கலைக்கப்பட்டது. 20-ஆம் நாள் இரவு, லாகோஸ் நகரின் லெக்கி சுங்கச் சாவடியில் கூடியிருந்தோர் மீது இராணுவம் சுட்டது.

முஸ்லிம்கள் பெருந்தொகையினராய் வாழும் நாடு அது. ஊகங்களுள் பலவற்றைத் தவிர்க்குமாறும், துருவித் துருவி ஆராயாதிருக்குமாறும் 'அல்ஹுஜுராத்' அத்தியாயத்தின் 12-ஆம் வசனம் பணிக்கின்றது. குற்றம் சாட்டுபவனே சான்று கொணர வேண்டும் என்பது நமது ஷரீஅத்தின் அடிப்படை விதி. சார்ஸ் படையோ இவ்விதியைத் தலைகீழாக்கிற்று.

ஹழ்ரத் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது வெறுங்கையர். அன்ஸாரித் தோழர் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தும் அதனை ஏலாது, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றார்கள். சின்னாட்களில், நறுமணப் பூச்சின் மஞ்சள் அடையாளத்துடன் நாயகம் (ஸல்) அவர்கள் முன் வந்து நின்றார்கள். பேரீச்சங் கொட்டையின் எடையளவு பொன்னை மஹராகக் கொடுத்து மணமுடித்த செய்தியைச் சொன்னார்கள். அவ்வளவு விரைவில் பொன் எங்கிருந்து வந்தது என்ற வினா அங்கே எழவில்லை. ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா விருந்தளிக்குமாறே நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள்.

"பொருள் எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வியே தவறென்று சொல்ல வரவில்லை, மறுமையில் எல்லாரும் அதற்கு விடை கூறியாக வேண்டும். இம்மையில் அதனை யாரிடம் முதலில் கேட்பது? கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அதிகாரிகளிடம் கேட்டார்கள். பதவியேற்கும்போதே அவர்களுடைய சொத்தினைக் கணக்கெழுதி வைத்தார்கள். பஹ்ரைனிலிருந்து திரும்பிய அபூஹுரைரா (ரலி) அவர்களையும் விட்டு வைக்கவில்லை. நைஜீரியாவில் துப்பாக்கி ஏந்தியவன் கேட்டான். அவனுடைய சட்டைப் பைக்குக் கணக்குக் கேட்பாரில்லை.

பின்னர் லாகோஸில் அமைந்த விசாரணைக் குழு, பாதிக்கப்பட்டோர் பலருக்கு இழப்பீடு வழங்கியது. நல்லதே. ஆனால் அது அரசுக் கருவூலத்துப் பணம். பிறர் பொருளைப் பறித்தவனின் தவ்பா, பொருளை உரியவனிடம் திருப்பித் தராமல் நிறைவேறுவதில்லை, ஏ.டி.எம். வாசலில் கை நீட்டிய காவலரின் கடன் இன்னும் தீரவில்லை.