காலத்தில் வராத காவேரி

காவேரி ஜலத்தில் தமிழ்நாட்டுக்குள்ள பாத்தியதை எவ்வளவு என்று கேட்டால், பொது விவகாரங்களில் பழகியவர் எவரும் 177.25 டி.எம்.சி. என்று உடனே விடையளிப்பார். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஜூன் முதல் மே வரையுள்ள ஜல வருஷத்தில் கர்நாடகம் பிலிகுண்டுலுவில் அளந்து விட வேண்டிய தொகை இது என்று 2018-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். விடை சரியானதே, ஆயினும் அது பாதி விடைதான் என்பது நமது அபிப்பிராயம். எவ்வளவு என்பது ஒரு பாதி. எப்பொழுது என்பது மற்றொரு பாதி. பின்னதை மறந்து முன்னதை மட்டும் பற்றிக்கொண்டிருப்பதால், தீர்ப்பில் நாம் பெற்றதை வயலில் இழந்து வருகிறோம்.

அத்தொகை மாதவாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஜூன் மாதத்துக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76 டி.எம்.சி. வருஷம் முழுவதற்கும் உரிய நீரில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு இந்நான்கு மாதங்களிலேயே வந்து சேர வேண்டும். இது யாரோ மனம் போனபடி வகுத்த கணக்கன்று. குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் காலமும் அதுவே. டெல்டாவில் குறுவை வளர்வதும் சம்பாவுக்கு நாற்று விடுவதும் அக்காலத்திலேதான். மேட்டூர் அணையை ஜூன் 12-ந் தேதி திறக்கும் வழக்கமும் இப்பயிர்க் கணக்கைத் தழுவியதேயாகும்.

சமீபத்திய இரண்டு வருஷங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். 2023-ல் ஜூன் 12-ந் தேதி மேட்டூர் திறக்கப்பட்டது. குடியானவர்கள் நம்பி நட்டார்கள். பருவமழை பொய்த்தது, மேலிருந்து வர வேண்டிய நீர் வரவில்லை, அக்டோபர் மாதம் 10-ந் தேதி பாசனத்துக்கு அணை மூடப்பட்டது. அடுத்த வருஷம் ஜூன் 12-ந் தேதி திறப்பதற்கு அணையில் போதிய நீரே இல்லை. ஜூலைக் கடைசியில் மலைநாட்டில் பெருமழை கொட்டிற்று. 28-ந் தேதி அணை திறக்கப்பட்டது. மாதம் முடிவதற்குள் நீர்மட்டம் 120 அடி எட்டி, உபரி நீர் கொள்ளிடத்தின் வழியே கடலுக்குப் போயிற்று. அவ்வருஷத்து மொத்தக் கணக்கைப் பார்த்தால் 177.25-க்கு வெகு அதிகமாகவே நீர் வந்துவிட்டது. ஆனால் அணையை நம்பி ஜூனில் விதைக்க வேண்டியிருந்தவனுக்கு அக்கணக்கினால் என்ன பயன்? காலந்தாழ்ந்து நட்ட குறுவை, கதிர் முற்றும் தறுவாயில் ஐப்பசி அடைமழையில் சாயும். பசித்த நாளில் மறுத்த சோற்றை விருந்து நாளில் இலை நிறையப் படைத்துவிட்டு, இரண்டும் சேர்ந்து கணக்குச் சரியாயிற்று என்று சொல்வது நியாயமாகுமா?

நாம் கூறுவது புதிய வாதமன்று. 1924-ல் மைசூரும் சென்னையும் செய்துகொண்ட உடன்படிக்கையிலேயே இத்தத்துவம் அடங்கியிருந்தது. கிருஷ்ணராஜசாகரத்தில் நீரைத் தேக்குமுன், மேலணையில் அந்தந்த மாதத்துக்கென்று குறித்த அளவு நீரோட்டம் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. காலமும் பாத்தியதையின் ஓர் அங்கம் என்பதை அக்காலத்து இஞ்சினீயர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

கர்நாடகத்தின் மீது துவேஷம் வளர்ப்பது நமது நோக்கமன்று. மாண்டியா ஜில்லாக் குடியானவனும் நம்மவனைப் போலவே அணையின் மட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவன்தான். மழை குறைந்த வருஷத்தில் இருவரும் குறைத்துக்கொள்ள வேண்டியதே தர்மம். 2007-ம் வருஷத்து நடுவர் மன்றத் தீர்ப்பும், பஞ்ச காலத்தில் விகிதாசாரப்படி பங்குகள் குறைய வேண்டும் என்றே கூறிற்று. ஆனால் அவ்விகிதத்தை எந்தக் கணக்கைக் கொண்டு, எந்தத் தேதியில் நிர்ணயிப்பது என்பதில்தான் சண்டை. 2023-ல் நடந்ததென்ன? ஆணையம் வினாடிக்கு 5,000 கன அடி என்று உத்தரவிட்டது; நம்மவர் போதாதென்று சுப்ரீம் கோர்ட்டை நாடினர்; அங்கே கொடுக்கலாகாதென்று பந்த் நடத்தினர். வக்கீல்கள் வாதிட்டுக்கொண்டிருக்கையில் பயிர் காய்ந்தது. பயிருக்கு வாய்தா கிடையாது.

ஆகவே, பஞ்சத்தில் பகிர்ந்துகொள்ளும் விதியைப் பஞ்சம் வந்த பிறகு தேடுவது வீண். இரு ராஜ்யங்களிலும் அணைகள் நிறைந்திருக்கும் நல்ல வருஷத்திலேயே, மனமும் நிறைந்திருக்கும்போது, அதை எழுதி முடித்துவிட வேண்டும். கர்நாடகத்தின் நான்கு பெரிய நீர்த்தேக்கங்களுக்கு வந்த நீர் சராசரியில் எத்தனை பங்கு குறைவோ, அத்தனை பங்கு மட்டுமே அம்மாதத்துப் பாக்கியில் குறையட்டும். அக்கணக்கு நாள்தோறும் ஜனங்கள் அறியப் பிரசுரமாகட்டும். வெள்ளத்தில் தாமாக வழிந்தோடும் நீரை முந்தைய மாதங்களின் பாக்கிக்கு வரவு வைக்கும் வழக்கம் ஒழியட்டும்.

இவ்வளவும் கேட்பதற்கு நாமும் யோக்கியதையுடையவர்களாக வேண்டும். மேட்டூரில் திறந்த நீர் கடைமடைக்குப் போய்ச் சேர நாட்கள் பல ஆகின்றன. வாய்க்கால் தூர் எடுக்கும் வேலையை அணை திறந்த பிறகும் செய்துகொண்டிருப்பதும், தலைமடையில் இருப்பவர் தேவைக்கு மேல் பாய்ச்சிக் கொள்வதும், நம்மிடம் நாமே காலம் தவறுவதாகும். பிலிகுண்டுலுவில் நாம் கோரும் நியாயத்தை, நாகப்பட்டினம் ஜில்லாவின் கடைமடைக் குடியானவன் நம்மிடம் கோருகிறான். அவனுக்கு முறை தவறாமல் நீர் விடும் கை, கர்நாடகத்திடம் நீட்டும்போது யாசகக் கையாக இராது. உரிமைக் கையாகவே இருக்கும்.