தடுப்பதற்கு முன் கேளுங்கள்



நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்மக்கள், இன்று விலங்கியல், தாவரவியல், நிலவியல், தொல்லியல் எனப் பல துறைகளை விரும்பிப் பயில்கின்றனர். இவை நான்கு சுவர்களுக்குள் முடிந்துவிடும் படிப்புகள் அல்ல. பாறையைத் தொட்டுப் பாராமல் நிலவியல் விளங்காது. பிச்சாவரத்துச் சேற்றில் கால் வைக்காமல் அலையாத்திக் காட்டின் இயல்பு புரியாது. ஆகவேதான் பல பாடத்திட்டங்களில் களப்பயணம் இடம்பெறுகிறது. ஆயினும், பெற்றோரின் கையொப்பம் வேண்டி அனுமதிக் கடிதம் வீட்டுக்கு வந்ததும் பல இல்லங்களில் எழும் முதற்சொல் "வேண்டாம்" என்பதே. அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. மகள் மட்டும் வகுப்பில் பின்தங்கி நிற்கிறாள்.

பெற்றோரின் அச்சத்தை நான் குறை கூறவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு. 2014ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியியல் மாணவர்கள் இமாசலப் பிரதேசத்திற்குக் கல்விச் சுற்றுலா சென்றிருந்தனர். மண்டி மாவட்டத்தில் பியாஸ் ஆற்றின் பாறைகள் மீது இறங்கி நின்று படம் எடுத்துக் கொண்டிருந்தபோது, மேலேயிருந்த லார்ஜி அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. சில நிமிடங்களில் ஆறு பெருகியது. 24 மாணவ மாணவியரும் சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டனர். பின்னர் வழக்கை விசாரித்த உயர் நீதிமன்றம், 2016ஆம் ஆண்டில், அணையை இயக்கிய மின்வாரியத்தை மட்டுமன்றி, மாணவர்களை அழைத்துச் சென்ற கல்லூரியையும் பொறுப்பாளியாக்கி இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

கேரளத்தின் தட்டேக்காட்டில் 2007ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், பறவைகள் சரணாலயம் காணச் சென்ற பள்ளிக் குழந்தைகளின் படகு மூழ்கி, 15 குழந்தைகளும் 3 ஆசிரியர்களும் உயிரிழந்தனர். படகு தாங்கக்கூடிய அளவினும் அதிகமானோர் அதில் ஏறியிருந்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஊன்றி நோக்குங்கள். மாணவர்கள் வெளியே சென்றதால் மட்டும் இவை நேரவில்லை. ஆற்றின் மேற்புறம் ஓர் அணை உண்டென்றும், அது எந்நேரமும் திறக்கப்படலாம் என்றும் எடுத்துச் சொல்லி, அவர்களைக் கரையேற்ற அங்கே எவருமில்லை. "இப்படகு இத்தனை பேரைத் தாங்காது, இறங்குங்கள்" என்று உறுதியாகச் சொல்லவும் எவருமில்லை. அந்த ஒருவர் நம் பிள்ளைகளின் பயணத்தில் இருக்கிறாரா என்பதைத்தான் நாம் முதலில் கேட்டறிய வேண்டும்.

ஆகவே, கடிதம் வந்ததும் மறுத்துவிடாமல் கல்லூரிக்குச் செல்லுங்கள். பொறுப்பாசிரியரைச் சந்தித்து ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: அவ்விடத்தை இதற்கு முன் நேரில் கண்டறிந்தவர் யார்? உள்ளூர் மக்களுள் எவரேனும் உடன் வருகிறாரா? எந்தப் பாறை வழுக்கும், எந்தப் பாதையில் யானை வரும் என்பது ஊராருக்கே தெரியும்.

இரண்டாவது: மாணவர் எத்தனை பேர், ஆசிரியர் எத்தனை பேர்? மாணவியருடன் ஆசிரியை ஒருவர் இரவிலும் தங்குவாரா?

மூன்றாவது: வானிலை மாறினாலோ, ஒருவருக்கு நலம் குன்றினாலோ, "திரும்புவோம்" என்று முடிவு செய்பவர் யார்? அம்முடிவால் மதிப்பெண் குறையாது என்ற உறுதி உண்டா?

நான்காவது: அருகிலுள்ள மருத்துவமனை எது? பாம்புக்கடிக்கான எதிர்நஞ்சு மருந்து அங்கே இருப்பில் உள்ளதா? அதுவரை செல்ல வாகனம் உடன் இருக்குமா?

ஐந்தாவது: பயணத் திட்டத்தின் எழுத்துப் பிரதி கல்லூரியில் யாரிடம் இருக்கும்? மலைப்பகுதிகளில் கைப்பேசி பல இடங்களில் இயங்காது. குறித்த நேரத்திற்குள் செய்தி வராவிடில் தேடலைத் தொடங்க வேண்டியவர் எவர் என்பது முன்னரே முடிவாகியிருக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் சில சொற்கள். ஆஸ்துமா, வலிப்பு, தேனீக் கொட்டு ஒவ்வாமை முதலியன இருப்பின் ஆசிரியரிடம் மறைக்காதீர்கள். மருந்தை உங்கள் பையிலேயே வைத்திருங்கள். கழிப்பிட வசதி இராதே என்றெண்ணி மாணவியர் பலர் நாள் முழுதும் தண்ணீர் அருந்தாமல் இருந்துவிடுகின்றனர். வெயிலில் மயங்கி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். தண்ணீர் அருந்துங்கள், ஒதுங்க நேர்ந்தால் தோழி ஒருத்தியை அழைத்துச் செல்லுங்கள். எக்காரணத்திற்காகவும் தனியே விலகாதீர்கள்.

ஒளுச் செய்வதற்காக அறியாத ஆற்றிலோ குளத்திலோ இறங்காதீர்கள். குடத்தில் நீர் கொணரச் செய்து கரையிலேயே செய்து கொள்ளுங்கள். நீரை அடைவது ஆபத்து எனில் தயம்மும் என்னும் சலுகையை மார்க்கம் நமக்கு வழங்கியிருக்கிறதன்றோ! உங்கள் தலைமேல் வானம் தெளிந்திருந்தாலும் மலையின் உச்சியில் மழை பெய்திருக்கலாம். நீரோடை திடீரெனக் கலங்கினாலோ, இலை தழைகள் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மிகுந்தாலோ, உடைமைகளை விட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஏறுங்கள். இடி முழங்கினால் திறந்த வெளியை விட்டு அகலுங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

பாம்பு தீண்டினால் கடிவாயைக் கீறுவதும், உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் தீங்கையே தரும். மோதிரம், வளையல் முதலியவற்றைக் கழற்றி, எலும்பு முறிந்தவரைப் போல அவ்வுறுப்பை அசையாமல் வைத்து, 108 வாகனத்தை அழைத்து மருத்துவமனைக்கு விரையுங்கள். நம் நாட்டு எதிர்நஞ்சு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் உரியது. ஆதலால் பாம்பைப் பிடிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டா.

பெற்றோரே, இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைத்தால் துஆச் செய்து மகிழ்வுடன் அனுப்பி வையுங்கள். விடை கிடைக்காவிடில், "ஏற்பாடுகளைச் செம்மை செய்யுங்கள், பின்னர் அனுப்புகிறோம்" என்று சொல்லுங்கள். ஒரு தந்தை இவ்வாறு கேட்டால் கல்லூரி அவருக்கு மறுமொழி கூறும். பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் ஏற்பாடுகளே மாறும். அம்மாற்றத்தின் பயன் உங்கள் மகளுக்கு மட்டுமன்று, கேட்பதற்கு எவருமில்லாத ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கிட்டும்.