மண் இல்லாமல் முளைத்த சங்கம்

பாரீசில் ரக்பி லீக் ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டால், "பிரெஞ்சுக்காரனுக்கு அந்த ஆட்டம் ஒத்துவரவில்லை" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். என்னால் இதை ஒப்புக்கொள்ள முடியாது.

1996 மார்ச் 29. ஷார்லெத்தி மைதானம். பாரீ சேன்-ழெர்மேன் என்ற கால்பந்துச் சங்கத்தின் பெயரில் புதிதாகத் தொடங்கிய ரக்பி லீக் அணி, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு அணியை 30-24 என்று வென்றது. சூப்பர் லீகின் முதல் ஆட்டமே அதுதான். பார்க்க வந்தவர்கள் 17,873 பேர். ஒத்துவராத ஆட்டத்துக்கா இத்தனை கூட்டம்?

கூட்டம் பிறகு குறைந்தது உண்மைதான். ஏன் குறையாது? ஆட்டக்காரர்களில் பலர் தெற்கத்திப் பையன்கள். தங்கள் ஊர்ச் சங்கத்துக்கும் ஆடி, பாரீசுக்கும் ஆடிக் களைத்துப் போனார்கள். மறு வருஷம் ஆஸ்திரேலியர்களைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். 12 அணிகளில் இரண்டு வருஷமும் 11-ஆவது இடம். 1997-ஓடு கதை முடிந்தது. ஷார்லெத்தியோ நகராட்சியின் இடம், பல்கலைக்கழகச் சங்கத்தின் வீடு. இவர்கள் அங்கே வந்து போன விருந்தாளிகள்.

நோயின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1934-இல் ழான் கலியா இந்த ஆட்டத்தை பிரான்சில் தொடங்கினார். சில வருஷங்களிலேயே தெற்கே மளமளவென்று பரவியது. 1941 டிசம்பரில் விஷி அரசின் தலைவர் பெத்தேன் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். சங்கம் கலைக்கப்பட்டது, சொத்து பறிபோனது. விடுதலைக்குப் பிறகும் அந்தச் சொத்து திரும்பவில்லை. 'ரக்பி' என்ற பெயரைக்கூடப் பல பத்தாண்டுகள் விட்டுக்கொடுக்கவில்லை. 'பதின்மூன்று பேர் ஆட்டம்' என்றுதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த நிலையிலும் 1951-இல் ஆஸ்திரேலியாவுக்கே போய்த் தொடரை வென்று வந்தார்கள்!

வாழ்நாளெல்லாம் கோப்பு தூக்கிய குமாஸ்தா நான். ஒரு கையெழுத்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். மூடுகிற கோப்பு ஒரே நாளில் நகரும். திருப்பிக் கொடுக்கிற கோப்பு மேசை மேசையாகத் தூங்கும். பழியை மட்டும் மக்களின் ரசனைமேல் போட்டுவிடுவார்கள்.

சந்தேகம் இருந்தால் பெர்பிஞானைப் பாருங்கள். அங்கே 1930-களிலிருந்தே இந்த ஆட்டம் ஊர்ச்சொத்து. அவ்வூரின் கத்தலான் டிராகன்ஸ் 2006-இல் சூப்பர் லீகில் சேர்ந்தது. 2018-இல் வெம்பிளியில் வாரிங்டனை 20-14 என்று வென்று சேலஞ்ச் கோப்பையைத் தூக்கியது. அவர்களும் பிரெஞ்சுக்காரர்கள்தானே?

நம் புதுச்சேரியில் இன்றைக்கும் பெத்தாங்க் குண்டு உருளுகிறது. ஆடக் கொஞ்சம் மண்தரையும், சொல்லிக்கொடுக்கப் பெரியவர்களும் இருப்பதால்தான். பெரிய பெயரையும் பணத்தையும் கொட்டி ஒரே வருஷத்தில் சங்கம் வளர்க்க நினைப்பவர்கள், முதலில் அந்தத் தரையையும் அந்த ஊர்ப் பிள்ளைகளையும் தேடட்டும். அதைச் செய்யாமல் சங்கத்தை மூடிவிட்டு ஊரைக் குறை சொல்வது அநியாயம்.