விரல் ஓடினால்தான் இசையா?

"விரல் ஓடாதவனெல்லாம் கீபோர்டு வாசிக்க வந்துட்டான்!" கோயில் கொடையில் மெல்லிசைக் கச்சேரி என்றால் மேடைக்குக் கீழே நாலு பேர் இப்படிப் பேசிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் குறை சொல்வது ஆர்பெஜியேட்டரை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ச, க, ப என்று மூன்று கட்டைகளைச் சேர்த்துப் பிடித்தால், அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து இயந்திரமே ஓட்டும். மேலே ஏறலாம், கீழே இறங்கலாம், ஏறி இறங்கலாம். வேகத்தையும் ஸ்தாயியையும் நாம் வைத்துக்கொள்ளலாம். 'ஹோல்டு' போட்டால் கையை எடுத்த பிறகும் ஓடும். அவ்வளவுதான். எந்தக் கட்டையைப் பிடிப்பது, எப்போது மாற்றுவது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தப்பாகப் பிடித்தால் அந்தத் தப்பையே விடாமல் பாடும் :-)

இது ஏமாற்று வேலை என்றால் சரண்ஜித் சிங்கை என்ன செய்வது? மும்பை சினிமா ஸ்டூடியோக்களில் வாசித்தவர். 1982-ல் ரோலண்ட் கம்பெனியின் ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808 மூன்றையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். ஜூபிடர்-8-ல் ஆர்பெஜியேட்டர் உண்டு. டிபி-303, நாம் எழுதிக் கொடுத்த வரிசையைத் திருப்பித் திருப்பி வாசிக்கும், கிட்டத்தட்ட அதன் பங்காளி. அன்றைக்கு ரெக்கார்டு விலைபோகவில்லை. 2010-ல் மறுபடி வெளியானதும், 1987 வாக்கில் சிகாகோவில் பிறந்த 'ஆசிட் ஹவுஸ்' சத்தம் அதற்கு முன்னாலேயே இங்கே இருக்கிறதே என்று வெளிநாட்டுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். ஓட்டியது இயந்திரம்தான். ராகத்தைத் தேர்ந்தெடுத்தது யார்?

"கமகம் வருமா?" என்பார்கள். வராது. நாதஸ்வரத்தோடு போட்டி போட அதை யார் அனுப்பினார்கள்? டெம்போவைச் சரிசெய்யாமல் ஓடவிட்டு, தபேலாக்காரர் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டு போவதும் உண்டுதான். அது வாசிக்கிறவரின் சோம்பல், பொத்தான் என்ன செய்யும்?

என் கோபம் வேறு. இந்தப் பேச்சை மற்ற ஊரில் பேசினாலும் போகட்டும். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது முதுகுத்தண்டில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே இயக்கமிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியது நம்ம ஆய்க்குடியில். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சக்கர நாற்காலியில் போகிறவரைப் பார்த்து "ஏமாற்றி நடக்கிறான்" என்று இங்கே யாரும் சொல்வதில்லை. விரல் விஷயத்தில் மட்டும் ஏன் சொல்கிறோம்? மூன்று கட்டைகளை மெதுவாகப் பிடிக்க முடியும், வேகமாக ஓட்ட முடியாது என்கிற கை எத்தனையோ இருக்கிறது. காதும் தாளமும் சரியாக இருக்கிற ஒரு பிள்ளை, அந்தக் கையோடு நாளைக்கு மேடையேறினால், "பொத்தானை அணைச்சுட்டு வாசி" என்று சொல்ல உங்களுக்கு மனசு வருமா அண்ணாச்சி?